காயிலை மாற்றுவதற்கு முன் ரோட்டரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில், பினாங்கின் பெருநிலக் கரையில் உள்ள பிறையைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். ஆசைப்பட்டு டட்சன் 120ஒய் ஒன்றை வாங்கினாராம். ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்புறம் புது பேட்டரி, புது காயில் (பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்சாரத்தைத் தரும் சுருள்), புது பிளக்குகள் என்று போட்டு, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. நடுநடுவே கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று வெடிக்கிறது. கடைசியில், பழைய கார் வாங்கும் ஆசை உள்ள இளைஞர்கள் தன்னைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்று முடித்திருந்தார்.

காரின் நோயைத் தம்பி அழகாக விவரித்திருக்கிறார். முடிவைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு நீளக் கடிதத்தில் டைமிங் என்ற பேச்சே இல்லை. அவரிடம் காசு வாங்கிய பட்டறைகளிலும் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பொறி வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அது சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்க்கவில்லை. பழைய காரில் இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இதைச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்பீர்கள். நான் ஃபோர்மேன் (கார் மெக்கானிக்) இல்லை. இங்கே பினாங்குத் தீவில் ஓர் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். என் அண்ணன் ஓட்டி, பிறகு எனக்கு வந்து சேர்ந்த 120ஒய் இன்றும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. 1171 சிசி எஞ்சின், ஆண்டுக்கு 55 ரிங்கிட் சாலை வரி. ஆயர் ஈத்தாம் சந்தைக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் அதில்தான் போய்வருகிறேன். பட்டறைக்குக் கொண்டுபோனால் இன்றைக்கும் சிலர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. “அக்கா, வீட்டில் அண்ணன் இருந்தா வரச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்” என்பார்கள். அண்ணனுக்குப் புரிந்திருந்தால் கார் என்னிடம் வந்திருக்காது. சரி, அது வேறு கதை.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வோம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன் அளந்து எழுதி வை. தம்பியின் காரில் பேட்டரி, காயில், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றியதால், முன்பு எது நன்றாக இருந்தது என்பதுகூட இப்போது தெரியாது. கழற்றிய பழைய காயிலைத் தூக்கி எறியாமல் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் கோளாறு இல்லாமலேகூட இருந்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகாத பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியவற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் பெட்ரோல் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, ஒரு உபரி பிளக்கை வயரில் மாட்டி அதன் உலோக உடம்பை எஞ்சினில் நன்றாகத் தொட வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்ச்), அதன் கூட்டாளி கண்டென்சர், காயில் என்று வரிசையாகத் தேட வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். துப்பட்டாவோ புடவைத் தலைப்போ இருந்தால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட் ஆள் பார்க்காது. நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடித்திருந்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருக்கும். கழற்றித் துடைத்துக் காயவைத்த பிறகுதான் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோளாறு தீர்ந்த பிறகும் கார் ஸ்டார்ட் ஆகாமல் உங்களை ஏமாற்றும்.

பெட்ரோலும் இருக்கிறது, நீலப் பொறியும் இருக்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்காமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்றால், பொறி தவறான சிலிண்டரிலோ தவறான நேரத்திலோ விழுகிறது என்பதே என் முதல் சந்தேகம். வால்வு சரியாக மூடாவிட்டாலும் இப்படி வெடிக்கும்தான். ஆனால் ஒரே இரவில் வால்வு கெட்டுப்போவது அபூர்வம்.

இந்த எஞ்சினில் ஒவ்வொரு பொறிக்கும் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. ஒரு முறை பெட்ரோல் கலந்த காற்றை அமுக்கிக்கொண்டு வரும்; இன்னொரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். பொறி வேண்டியது முதல் தடவைக்கு மட்டும். அதுவும் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் வேண்டும், ஏனென்றால் கலவை பற்றி எரிந்து முழு அழுத்தம் உண்டாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தச் ‘சற்று முன்’ எவ்வளவு என்பதைத்தான் டிகிரியில் சொல்கிறார்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ஐடிலில் அது 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பதைப் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளிலோ சர்வீஸ் புத்தகத்திலோ பாருங்கள், அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 1600 பொறிகள். அத்தனையையும் அந்தச் சின்ன டிஸ்ட்ரிபியூட்டர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

இனி தம்பி செய்ய வேண்டியது. கார் சமதரையில் நிற்கட்டும், பிளக்குகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். ஒன்றாவது சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அதன் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி வலஞ்சுழியாக எஞ்சினைச் சுற்றுங்கள். ஸ்பேனர் எட்டாவிட்டால் நான்காவது கியரில் போட்டு யாராவது காரை மெதுவாக முன்னால் தள்ளலாம். விரலைக் காற்று முட்டித் தள்ளும்போது அது அமுக்கும் சுற்று என்று அர்த்தம். அப்படியே தொடர்ந்து, புல்லியில் உள்ள வெட்டுக் குறி டைமிங் மூடியில் உள்ள அளவுக்கோட்டில் சரியான டிகிரிக்கு நேராக வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். குறி தெரியாத அளவுக்கு எண்ணெய் அழுக்கு படிந்திருக்கும். முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வெட்டில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். கியரில் போட்டிருந்தால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கைப்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றி ஒவ்வொரு வயருக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டர் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். ஒன்றாவது பிளக் வயர் மூடியில் எந்த முனையில் செருகியிருக்கிறதோ அந்த முனையைத்தான் அது நோக்க வேண்டும். நேர் எதிரே நான்காவது வயரின் முனையைக் காட்டினால், யாரோ புகை தள்ளும் சுற்றில் குறியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டியிருக்கிறார்கள். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்க வேண்டியதில்லை. மூடியில் 1-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றுங்கள், 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றுங்கள், போதும்.

இத்துடன் இன்னொன்றும் உண்டு, எனக்கு அனுபவம் அதில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் எண்ணெய் கசிகிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். ரப்பர் வளையம் மாற்றிக் கொடுத்தார்கள். கசிவு நின்றது, எஞ்சினும் நின்றது. கார்புரேட்டர் வழியாக அதே டப் டப். காயில் போய்விட்டது, பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘97 பெட்ரோல் ஊற்றிப் பாருங்க அக்கா’ என்றும் ஒருவர் சொன்னார். (97-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் எஞ்சின் தட்டாமல் இருப்பதில்தான். ஸ்டார்ட் ஆகாத காருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.) நான் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். இடஞ்சுழி. வயர்களோ, சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையான 1-3-4-2 என்று வலஞ்சுழியாகச் செருகப்பட்டிருந்தன. வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சின்களில் கைப்பழக்கம் உள்ளவர் மாட்டியிருக்க வேண்டும். இந்தப் பிழையில் 1-உம் 4-உம் சரியான இடத்திலேயே இருந்துவிடும். 2-உம் 3-உம் மட்டும் இடம் மாறும். அதனால்தான் ஒன்றாவது சிலிண்டரை வைத்து டைமிங் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. இரண்டு வயரை மாற்றிச் செருகினேன், கார் ஸ்டார்ட் ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை. பம்ப் விற்க வந்தவர் முகத்தை இங்கே எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

வரிசையும் ரோட்டரும் சரியாக இருந்தால் அடுத்தது பாயிண்ட். இது இடைவெளி, டைமிங் என்ற வரிசையில் நடக்க வேண்டிய வேலை. தலைகீழாகச் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாயிண்ட் இடைவெளி அதிகமானால் அது சீக்கிரம் திறக்கும், பொறி முன்னால் போகும். இடைவெளி குறைந்தால் தாமதமாகத் திறக்கும், பொறி பின்னால் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் மேடு மேடாக இருக்கும் கேமில் உரசும், பாயிண்ட்டின் அந்தச் சின்னக் குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். நன்றாக ஓடிய கார் மெல்ல மெல்ல சோம்பேறியாகி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பாதி காரணம் இதுதான். 120ஒய்க்கு 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர். கேம் மேட்டில் பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். முகம் குழி விழுந்து கருகியிருந்தால் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இவை இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் ஜோடி. கேமில் கிரீஸ் துளி தடவ மறக்காதீர்கள். அதிகம் தடவினால் அது பாயிண்ட்டில் தெறித்து வேறு தலைவலி.

பிறகு டைமிங். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, 12 வோல்ட் டெஸ்ட் லைட் போதும். எஞ்சின் ஓடாதபோது பளிச் பளிச்சென்று மின்னும் டைமிங் லைட்டை வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட இது நிம்மதி. புல்லிக் குறி முன்பு சொன்ன டிகிரியில், அமுக்கும் சுற்றில் இருக்கட்டும். விளக்கின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் இருக்கும் முனையில் பிடியுங்கள், மறு முனையை எஞ்சின் இரும்பில். சாவியைத் திருப்பி இக்னிஷன் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் விளக்கு எரியாது, திறந்தால் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பை ரோட்டர் சுற்றும் திசையிலேயே சற்றுத் திருப்பினால் விளக்கு அணையும். இனி எதிர்த் திசையில், அதாவது இந்த எஞ்சினுக்கு வலஞ்சுழியாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் கையை நிறுத்தி போல்ட்டை இறுக்குங்கள். பாயிண்ட் திறக்கும் கணம்தான் பொறி விழும் கணம். உடனே சாவியை அணைத்துவிடுங்கள்; பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனைப் போட்டு வைத்துக்கொண்டு கதை பேசினால் காயில் சூடாகி உண்மையாகவே போய்விடும்.

பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்த விளக்கு வித்தை செல்லாது. கார்புரேட்டர் காலத்து புரோட்டான் சாகா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம்ஷாஃப்ட் சுற்றுகிறது, கேம்ஷாஃப்டை டைமிங் பெல்ட் சுற்றுகிறது. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ரோட்டர் அசையாமல் நின்றால் பெல்ட் அறுந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மேற்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள். சுற்றுகிறது, ஆனால் இடம் பொருந்தவில்லை என்றால் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம். 1985-இல் பினாங்குப் பாலமும் சாகாவும் ஒன்றாக வந்தன. அந்தக் காலத்துச் சாகா ஒன்று இன்னும் எங்கள் சாலையில் ஓடுகிறது, பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுகிற வீட்டில்.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பொறி மிகவும் முன்னால் இருந்தால் ஸ்டார்ட்டர் உதைவாங்கியதுபோல் திக்கும். பேட்டரி பலவீனம் என்று அதைத்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். தம்பியின் புது பேட்டரிகூட அப்படி வாங்கியதாக இருக்கலாம். மிகவும் பின்னால் இருந்தால் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கும், சைலன்சர் வழியாக வெடிக்கும், எஞ்சின் சூடேறும். ஐடிலில், கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டில் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு குழாயை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு அதற்குப் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் ஏற்றம் இருக்கிறது, பிறைத் தம்பி பாலத்தைக் கடந்து வரட்டும். டாப் கியரில் ஏறும்போது எஞ்சினுக்குள் கோலி உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி பின்னால் கொண்டுவர வேண்டும். சத்தமே இல்லை, ஆனால் இழுக்கவும் இல்லை என்றால் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்னால் தள்ளும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், அல்லது வேக்குவம் டப்பாவின் தோல் கிழிந்திருக்கலாம். குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோல் நல்லதாக இருந்தால் பாயிண்ட் தட்டு அசையும், உறிஞ்சியது அப்படியே நிற்கும்.

நம் ஊர் மழையையும் சொல்லியாக வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவெல்லாம் பெய்து காலையில் ஸ்டார்ட் ஆகாத கார் என்றால், டைமிங்கைத் தொடுவதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடுபோல் கருப்பு இழை ஓடியிருந்தால் பொறி அந்த வழியே தப்பித்துப் போகிறது. மூடியை மாற்றத்தான் வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடித்தால் எந்த வயரில் நீலமாகப் பூச்சி பறக்கிறது என்பதும் தெரியும்.

ஆசிரியர் ஐயா, இளம் ஃபோர்மேன்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இன்றைய கார்களில் பொறியின் நேரத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சாமானே கிடையாது; பார்த்திராத பொருளை எப்படிப் பழுது பார்ப்பார்கள்? ஆனால் பார்த்திராததைப் பார்த்திராதது என்று சொல்லிவிடலாமே. தெரியாத இடத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதும் அதற்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் பாயிண்ட் வைத்துப் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு வயது அறுபதுக்கு மேல். அவர்கள் எழுத மாட்டார்கள், யாராவது போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். உங்கள் ஞாயிறு மலரில் மாதத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் அந்தக் கேட்கும் வேலையை நான் செய்யத் தயார். தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய எஞ்சின் ஒன்றை மேடையில் பூட்டி வைத்து, மாணவர்களிடம் ஒரு டெஸ்ட் லைட்டை மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறைத் தம்பிக்கு: காரை விற்க விளம்பரம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். விற்பதற்கு முன் மூடியைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டும் விற்கத்தான் வேண்டுமென்றால், ஓடுகிற காருக்கு நல்ல விலையாவது கிடைக்கும்.

இந்தக் கடிதத்தோடு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் படம் ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள். அச்சில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்புக்குறி இடஞ்சுழியாகவே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.